கண்ட்ரோல், ஆல்ட், அப்புறம் ஏதோ ஒன்று

நேர்காணலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது கம்ப்யூட்டர் திரை தலைகீழாகப் போய்விட்டது.

ஒரு நொடி கறுத்தது, மறு நொடி திரும்பி வந்தது. வந்த விதம்தான் சரியில்லை. மேலே இருக்க வேண்டியதெல்லாம் கீழே, கீழே இருக்க வேண்டியதெல்லாம் மேலே. நான்கு நாளாக அவள் பாடுபட்டுத் தட்டச்சு செய்த சுய அறிமுகத்தில் ஒவ்வொரு எழுத்தும் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"என்னங்க! சீக்கிரம் வாங்க!"

வீட்டின் பின்பக்கத்துத் தச்சுப் பட்டறையிலிருந்து கணவர் ஓடி வந்தார். காதில் பென்சில், தலையெல்லாம் மரத்தூள். திரையைப் பார்த்தார். கழுத்தைச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"என்னம்மா பண்ணின?"

"நான் ஒண்ணுமே பண்ணலை. கண்ட்ரோலை அமுக்கினேன், ஆல்ட்டை அமுக்கினேன், அப்புறம் ஏதோ ஒண்ணு."

"அந்த ஏதோ ஒண்ணு எது?"

"அது தெரிஞ்சா உங்களை எதுக்குக் கூப்பிடறேன்?"

அலுவலகத்தில் அவளை ஃபைல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பதிவறையில் வேலை. மின்சாரம் போன இருட்டிலும் எந்தக் கோப்பைக் கேட்டாலும் அலமாரியைத் தடவியே எடுத்துக் கொடுத்துவிடுவாள். இப்போது அந்தப் பதிவறையையே மூடப் போகிறார்கள். காகிதமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போகிறது. பதிவறையில் இருந்த எட்டுப் பேரில் ஒருவருக்கு மட்டும் மின்பதிவு அலுவலர் வேலை. மற்ற ஏழு பேருக்கும் மாற்றல். மாறிப் போக வேண்டிய ஊருக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயிலில் உட்கார வேண்டும். கணவருக்கு இங்கே பட்டறை, மகளுக்கு இங்கே கல்லூரி.

"குடும்பத்தை மூணா மடிச்சு எந்த அலமாரியில வைக்கறதுங்க?" என்று உத்தரவு வந்த அன்று கேட்டுவிட்டு உட்கார்ந்தவள், அன்றைக்கு முழுக்க எழுந்திருக்கவில்லை.

அந்த ஒரு வேலைக்குத்தான் இன்று நேர்காணல். வீட்டிலிருந்தபடியே காணொலியில் பேசலாம். தேர்வுக் குழுவின் தலைவருக்குக் கத்திரிக்கோல் என்று பெயர், ஏனென்றால் அவர் இதுவரை யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்லை. மவுஸைப் பிடித்துக்கொண்டு திரையில் தடவித் தடவி வேலை செய்கிறவர்களை அவருக்கு அறவே பிடிக்காது என்றும், விரல் விசைப்பலகையில் விளையாட வேண்டும் என்பார் என்றும் அலுவலகம் முழுக்கப் பேச்சு. அதனால் மகள் ஒரு தாளில் நாற்பது ஷார்ட்கட்டுகளை எழுதிக் கொடுத்திருந்தாள். ஃபைல் அக்கா அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தாள். சாப்பிடும்போது கணவர் கேள்வி கேட்பார்.

"கண்ட்ரோல் எஃப்?"

"தேடறதுக்கு."

"கண்ட்ரோல் பி?"

"அச்சடிக்க."

"கண்ட்ரோல் எஸ்?"

"சேமிக்க. குழம்பை இந்தப் பக்கம் தள்ளுங்க."

எல்லாம் வாயில் வந்துவிட்டது. கையிலும் வருகிறதா என்று கடைசியாக ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிடலாம் என்று இன்று காலை உட்கார்ந்தாள். இருபத்து மூன்றாவது ஷார்ட்கட்டில் விரல் தப்பியது.

"பதறாத. தாள்ல இதுக்கும் எழுதியிருப்பா" என்றார் கணவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தேடினார். "இதோ இருக்கு. கண்ட்ரோல் இசட். செஞ்ச தப்பைத் திரும்பப் பெற."

செய்த தப்பு இதைவிட என்ன வேண்டும்? அமுக்கினாள். சுய அறிமுகத்தின் கடைசி வரி மறைந்தது. திரை அப்படியே இருந்தது.

"இன்னும் அழுத்தமா அமுக்கு."

அழுத்தமாக அமுக்கினாள். ஒரு பத்தி போனது. வெறி வந்தவள் மாதிரி தொடர்ந்து அமுக்கினாள். பதிவறை அனுபவம் போனது, வாங்கிய பாராட்டுக் கடிதங்கள் போயின, கடைசியில் அவள் பெயரும் போய்ப் பக்கம் வெறுமையானது. திரை மட்டும் தலைகீழாகவே நின்றது.

"ஐயோ, எல்லாம் போச்சே!"

"இரு, இரு. போனதைத் திரும்பக் கொண்டுவர கண்ட்ரோல் ஒய்னு போட்டிருக்கு."

ஆனால் அதற்குள் அவள் கை பட்டு ஒரு 'க' விழுந்துவிட்டது. அதற்கப்புறம் கண்ட்ரோல் ஒய் யார் பேச்சையும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருட உழைப்பில் மிச்சம், தலைகீழாக ஒரு 'க'.

மகளுக்குப் போன் போட்டார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவளுக்குக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு.

"எதிர்வீட்டு சாரைக் கூப்பிடவா?" என்றார் கணவர்.

"வேண்டவே வேண்டாம்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், எதிர்வீட்டு சார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டால் வந்துவிடுவார். பணி ஓய்வு பெற்றவர். தெருவில் யார் வீட்டில் எது பழுதானாலும், மின்விசிறியோ தண்ணீர் மோட்டாரோ, அவர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். அதனால் அவருக்கு ரீஸ்டார்ட் சார் என்றே பெயர்.

திரையைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அணைச்சுட்டுத் திரும்பப் போடும்மா."

"சார், பதினோரு மணிக்கு எனக்கு நேர்காணல். இப்ப பத்தே முக்கால்."

"ரெண்டு நிமிஷ வேலை. எங்க ஆபீஸ்ல இதே மாதிரிதான் ஒரு தடவை..."

வேறு வழி தெரியவில்லை. அணைத்தாள். திரும்பப் போட்டாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அதன் கீழே எழுத்து வந்தது: "புதுப்பிக்கப்படுகிறது. நான்கு சதவீதம். கணினியை அணைக்க வேண்டாம்."

"இப்பவா புதுப்பிக்கணும்?" என்றாள் அழுகிற குரலில்.

"எழுத்தைப் பாரும்மா!" என்று கத்தினார் கணவர். "நேரா வந்துடுச்சு!"

உண்மைதான். வட்டமும் எழுத்தும் ஒழுங்காக, நேராக இருந்தன. ரீஸ்டார்ட் சார் மோவாயை மட்டும் சற்று உயர்த்திக்கொண்டார்.

பதினெட்டு சதவீதம். முப்பத்தொன்று. முப்பத்தொன்றிலேயே நின்றது. கடிகாரத்தின் பெரிய முள் பத்தைத் தொட்டது. ஃபைல் அக்காவின் உள்ளங்கை வியர்த்துப் புடவை முந்தானை ஈரமாகிவிட்டது. அறுபது. தொண்ணூறு. நூறு. கடவுச்சொல்லைக் கேட்டது. அவசரமாக அடித்தாள்.

திரை ஒருமுறை கண் சிமிட்டியது. அப்புறம் மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல், தலைகீழாகத் திரும்பிக்கொண்டது.

"இது வேற மாதிரி கேஸ்" என்றார் ரீஸ்டார்ட் சார். தன் கைப்பேசியை எடுத்து வாயருகே கொண்டுபோய், "தலைகீழ்! தலைகீழா இருந்தா என்ன பண்ணணும்?" என்று கத்தினார்.

"என்ன சார் சொல்லுது?"

"தலைகீழா நிக்கறதுக்கு முன்னாடி வெறும் வயிறா இருக்கணுமாம்."

பத்து ஐம்பத்து நான்கு. நேர்காணல் இணைப்பைத் திறந்தால் போதும், எழுத்து எப்படி இருந்தால் என்ன என்று மவுஸைப் பிடித்தாள். மேலே நகர்த்தினால் அம்பு கீழே போனது. வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் ஓடியது. துரத்தத் துரத்த மூலையில் போய் ஒளிந்துகொண்டது. மவுஸைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கலாம் என்று ரீஸ்டார்ட் சார் யோசனை சொன்னார். திருப்பிப் பிடித்ததில் இணைப்புக்குப் பதில் குப்பைத்தொட்டி திறந்துகொண்டது.

ஃபைல் அக்கா மவுஸை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். "முடிஞ்சுது. நான் பெட்டி கட்டறேன். நீங்க பட்டறையைப் பாருங்க, பொண்ணு படிப்பைப் பாருங்க."

கணவர் கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். அவர் குரலே மாறியிருந்தது.

"நாலே நாலு திருகாணிதான்."

"என்ன?"

"உள்ள இருக்கற படத்தைத் திருப்ப எனக்குத் தெரியாதும்மா. வெளியில இருக்கற பெட்டியைத் திருப்பத் தெரியும். தள்ளு."

பட்டறைக்கு ஓடினார். திருப்புளியும் ஒரு பலகையும் இரண்டு இடுக்கிகளுமாகத் திரும்பி வந்தார். திரையின் காலைக் கழற்றினார். திரையைத் தலைகீழாகப் பிடித்துப் பலகையோடு சேர்த்து இறுக்கினார். அவர் வேலை செய்யும்போது மட்டும் அவருக்குக் கை நடுங்குவதே இல்லை என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. பத்து ஐம்பத்தொன்பதுக்குப் பலகையை மேசைமேல் நிறுத்தினார்.

"இப்பப் பாரு."

எல்லாம் நேர். எழுத்து நேர், படம் நேர், அம்பு சொன்ன பக்கம் போனது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கையில மந்திரம் வச்சிருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே இணைப்பைத் தட்டினாள்.

காத்திருக்கும் அறை திறந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது.

வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது?"

கணவர் திரையின் கீழ் விளிம்பைத் தொட்டார். எப்போதும் மேலே இருக்கும் சின்னக் கேமரா இப்போது கீழே இருந்தது. "அடடா" என்றார் மெதுவாக. "கேமராவும் சேர்ந்து திரும்பிடுச்சு."

"கேமராவை மூடிடலாமா?"

"கேமரா கட்டாயம்னு கடிதத்துல போட்டிருக்காங்கன்னு நீதானே சொன்ன?"

"ஒரு யோசனை" என்றார் ரீஸ்டார்ட் சார். "நீங்களே தலைகீழா இருந்துட்டா?"

கணவர் பக்கத்திலிருந்த மர பெஞ்சை ஒரு கணம் அளவெடுப்பதுபோல் பார்த்ததை அவள் கவனித்தாள். "அங்க என்ன பார்வை?" என்றாள்.

அதே நேரம் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மணிச் சத்தம் கேட்டது. "உங்களை அனுமதிக்கிறோம்" என்று எழுத்து வந்தது. பலகை லேசாகச் சாய்ந்தது. கணவர் திரைக்குப் பின்னால் பாய்ந்து குனிந்து அதை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். ரீஸ்டார்ட் சார் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

திரையில் ஒரு நீளமான அறை தெரிந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கத்திரிக்கோல், அவருக்கு இந்தப் பக்கம் ஒரு அம்மாள், அந்தப் பக்கம் ஒரு வழுக்கைத் தலைக்காரர். மூன்று பேரும் கழுத்தைத் தோளில் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் மூன்று கழுத்தும் மெல்ல மெல்ல நிமிர்ந்தன.



அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். வழுக்கைத் தலைக்காரர் பிடரியைத் தேய்த்தார். கத்திரிக்கோல் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, முகம் திரை முழுவதையும் அடைக்கும்படி நெருங்கினார்.

"வணக்கம் ஐயா. மன்னிக்கணும், இது வந்து, நான் காலையில ஏதோ ஒரு..."

"பேசாதீங்க. அப்படியே இருங்க. அசையக் கூடாது."

அசையவில்லை. திரைக்குப் பின்னால் கணவருக்கு மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார் கத்திரிக்கோல். "உங்க கம்ப்யூட்டரை இப்படி வச்சது யாரு? நீங்களா, வேற யாராவதா?"

திரையின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு முழங்கைகள் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. திருகாணியைக் கழற்றினது அவர். ஆனால் தப்பு தொடங்கியது தன் விரலில்தான். போகிற வேலை போகட்டும், கேட்டவர் முன்னால் அவரைக் காட்டிக் கொடுப்பதா?

"நான்தான் ஐயா" என்றாள். "முழுக்க என் வேலைதான். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லை."

"அப்படியா?" என்று நீட்டினார் கத்திரிக்கோல். திரும்பிப் போய் உட்கார்ந்தார். ஒரு தாளை இழுத்து அதில் ஏதோ எழுதினார். எழுதியதை அந்த அம்மாளிடம் காட்டினார், அவள் தலையசைத்தாள். வழுக்கைத் தலைக்காரரிடம் காட்டினார். அவரும் பிடரியைப் பிடித்தபடி தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மாற்றல் உத்தரவுதான், வேறென்ன. ஃபைல் அக்கா மனசுக்குள் ரயிலேறி உட்கார்ந்துவிட்டாள்.

கத்திரிக்கோல் கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "யாருப்பா வெளியில? உள்ள வந்து நம்ம புது மின்பதிவு அலுவலரைத் திரையில பாருங்க."

நரைத்த மீசையோடு ஒரு அலுவலக உதவியாளர் உள்ளே வந்தார். கையில் தேநீர்த் தட்டு. வந்ததும் பழக்கத்தில் அவரும் கழுத்தைச் சாய்த்தார். பிறகு நிமிர்ந்தார். தட்டில் இருந்த கோப்பைகள் கலகலவென்று ஆடின.

"அட, நம்ம திரை காலையில கவுந்ததுல இருந்து ஏழு பேரும் தலைகீழாத்தானேய்யா தொங்கினாங்க, இந்த அம்மா மட்டும் எப்படி நேரா வந்தாங்க?"