நீலப் பூவுக்கு நான் நட்ட சிவப்புக் கொடி

மனிதனுக்குச் சந்தேகம் இருக்கலாம். எனக்கு இருந்தது வியாதி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மணி கேட்டால்கூட, 'இவருக்கு எதற்கு?' என்று யோசிப்பேன்.

அந்த வியாதியோடுதான், தாவரவியல் படித்த கையோடு, முதல் வேலைக்குப் போனேன். செஞ்சிக்கும் வல்லத்துக்கும் நடுவே ஒரு புறவழிச்சாலை வரப்போகிறது. போகிற வழியில் அரிய நீலப் பூ ஒன்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருந்தால் சாலை விலகிப் போகும். இல்லையென்றால் அஞ்சலையக்காவின் மல்லாட்டைக் கொல்லை (வேர்க்கடலை வயல்தான்) மேலேயே போகும்.

அஞ்சலையக்கா தினமும் வரப்பில் நின்று என்னையே முறைப்பார்.

"இன்னா தம்பி தேடுற?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மா."

(மூன்று வாரமாகக் கொல்லையோரப் பாறையைச் சுற்றிக் குனிந்தே நடக்கிறவன் 'சும்மா' என்றால் எவர் நம்புவார்?) இவர் காண்டிராக்டரின் ஆள், பூ இருப்பது தெரிந்தால் அழித்துவிடுவார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். நிலத்தைப் பிடுங்க வந்தவன் நான் என்று அவர் முடிவுகட்டியிருந்தார்.

கடைசியில் பாறை இடுக்கில் பதினொரு செடி கிடைத்தது. மறுநாள் அதிகாரி பார்க்க வருகிறார். அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புத் துணிக்கொடி நட்டேன். (கொடி நட்டால் நிலம் போச்சு என்று அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தாவரவியல் பட்டதாரிக்குத் தெரியவில்லை.)

காலையில் அதிகாரியோடு போனால் கொடியும் இல்லை, செடியும் இல்லை. மண்வெட்டியால் வழித்துச் செதுக்கியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான்தான் ராவோட ராவா புடுங்குனேன்! என் நெலத்த அளக்க உட்டுடுவனா?" என்று மண்வெட்டியோடு வந்து நின்றார் அஞ்சலையக்கா.

"ஐயோ அக்கா! உங்க நெலத்தக் காப்பாத்தற பூவையே புடுங்கிட்டீங்களே!" என்று போனில் படத்தைக் காட்டினேன்.

உற்றுப் பார்த்தார். "அட, இதுவா? என் கெணத்து மேட்டுல மண்டிக் கெடக்குது. டெய்லி மாட்டுக்கு அறுத்துப் போடுறேன். வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னா?"

ஓடினோம். கிணற்று மேடெல்லாம் நீலம். நடுவில் கட்டியிருந்த மாடு, அரிய வகைத் தாவரத்தை நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மூணு வாரமா இன்னாய்யா பண்ண?"

மானம்தான் போனது.

சாலை விலகிப் போய்விட்டது, கொல்லை பிழைத்தது. அறிக்கையின் முதல் படத்தில் பூவைவிட மாடு பெரிதாகத் தெரியும். அதை வீட்டில் நைனாவிடம் (அப்பாதான்) காட்டி, நடந்ததைச் சொன்னதுதான் நான் செய்த அடுத்த முட்டாள்தனம். இன்றைக்கும் வண்டிச் சாவி காணோமென்று நான் மேசைக்கடியில் குனிந்தால் போதும், நைனா பேப்பரிலிருந்து தலை நிமிராமலே கேட்பார்:

"மாட்டக் கேட்டியாடா?"