அறுபடாத கோடு

தண்ணீர்த் தொட்டிச் சந்துக்குள் வண்டி நுழையும்போது போன் செத்துப்போனது. பல்லுக்காரர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் வண்டியை நிறுத்தியிருக்க மாட்டார். பதினான்கு வருஷமாகப் போய்வருகிற சந்து. தூக்கத்தில் தள்ளிவிட்டாலும் சரியான படியில் போய் விழுவார். மாடி டாக்டரிடம் இரண்டு கடைவாய்ப் பல்லையும் ஒரு முழு மேல்வரிசையையும் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பல் கூடத்துக்குத் திரும்பினார்.

புது மேலாளர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். ஊர்ப் படத்தின் மேல் நீலக் கோடு ஒன்று நெளிந்து நெளிந்து போய், தொட்டிச் சந்தின் வாயில் கத்தரித்ததுபோல் நின்றிருந்தது.

“இதுக்கப்புறம் எங்கண்ணே போனீங்க?”

“மாடி டாக்டர்கிட்ட. பல்லு போய்ச் சேர்ந்துடுச்சு. கையெழுத்து இருக்குதே.”

“கையெழுத்து கிடக்கட்டும். கோடு எங்க?”

பல்லுக்காரரிடம் கோடு இல்லை.

டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செய்கிற கூடம் அது. செய்த பல்லை ஊரெங்கும் இருக்கிற நாற்பது சொச்சம் மருத்துவமனைகளுக்குத் தன் சொந்த மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். அவருடைய சொந்த வாயில், கீழ்வரிசையில், நான்கு பல் கிடையாது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, கூடத்து முதலாளி உட்பட.

மேலாளர் வந்த கையோடு ஒரு பழைய போனைக் கொடுத்து, வண்டியின் கைப்பிடியில் மாட்டச் சொல்லியிருந்தார். அதில் வரைபடம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மாதம் கோடு அறுபடாமல் இருந்தால் “உங்களைப் பத்தி ஒரு முடிவு எடுத்துடலாம்” என்றார். பதினான்கு வருஷமாகத் தினக்கூலியாக இருக்கிற ஆளுக்கு அது என்ன முடிவு என்று விளக்க வேண்டியதில்லை. வேலை நிரந்தரம். பல்லுக்காரர் அதை மனைவியிடம் சொன்னார். மனைவி தன் அக்காவிடம் சொன்னாள். மறுநாள் காலை மாடிப்படியில் இறங்கும்போது எதிர்வீட்டுக்காரர் கைகுலுக்கினார். இனிமேல் பின்வாங்க முடியாது.

போனோ மத்தியானம் வரைதான் தாங்கியது. வேறு போன் கேட்டதற்கு, வண்டி உங்களுடையதுதானே, அதிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேலாளர் பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தார்.

மனைவிக்கு ஒரு தம்பி இருந்தான். மிக்ஸி, மின்விசிறி ரிப்பேர் செய்பவன். அவன் கைபட்ட மிக்ஸி எதுவும் மறுபடி ரிப்பேருக்கு வந்ததில்லை. ஏன் வரவில்லை என்பதை அவன் யோசித்ததில்லை, பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

“கரண்டுன்னா எல்லாம் ஒரே கரண்டுதான் மாமா,” என்று சொல்லிக்கொண்டே வண்டியின் முன்பக்கத்தைப் பிரித்தான். ஹார்ன் ஒயர் சும்மாதானே கிடக்கிறது என்று அதில் சார்ஜரைக் கோத்தான். சோதித்துப் பார்க்க ஹார்னை அழுத்தினான். போனில் சார்ஜ் ஏறியது. கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனான்.

விஷயம் மறுநாள் தெருவில்தான் புரிந்தது. ஹார்னை அழுத்திக்கொண்டிருக்கும்வரை சார்ஜ் ஏறும்; கையை எடுத்தால் நின்றுவிடும். மச்சினனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, அடித்துக்கொண்டே போங்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்றான்.

எல்லோரும் கேட்டார்கள். காலை பத்து மணிக்குள் மூன்று பேர் ஏதோ உயிர் போகிற அவசரம் என்று பதறி ஒதுங்கினார்கள். நான்காவது ஆள் குனிந்து கல்லெடுத்தார். பூங்காத் தெரு மருத்துவமனை வாசலில், இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று நின்ற இடத்திலேயே அழுத்திக்கொண்டிருந்தார். உள்ளே ஒருவருடைய வாயைக் குடைந்துகொண்டிருந்த டாக்டர், கருவியும் கையுமாக வெளியே வந்தார்.

“பல்லுக்காரரே,” என்றார் மெதுவாக. “இப்ப நான் ஓட்டை போட்டது நல்ல பல்லுய்யா.”

அன்றைக்கும் இரண்டு தெருக்களில் கோடு அறுந்தது. அறுந்த இடங்களுக்கு மறுநாள் போய் ஒட்டிவிட்டு வந்தால் மன்னித்துவிடலாம் என்றார் மேலாளர். அங்கே கொடுக்கப் பல் எதுவும் இல்லையே என்றதற்கு, சும்மா போய்விட்டு வரச் சொன்னார். அப்படியானால் போனில் பேசுகிற பெண் சொல்லும் வழியில்தான் போக வேண்டுமா என்று பல்லுக்காரர் கேட்டார். முந்தின வாரம் அவள் அவரை ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அறிவித்திருந்தாள்.

“அதைக் கேக்காதீங்கண்ணே. அதுக்கு என்ன தெரியும். உங்களுக்குத் தெரிஞ்ச வழியிலேயே போங்க. போன் உயிரோட இருந்தாப் போதும்.”

பதினான்கு வருஷத்தில் தனக்கு ஏதோ தெரியும் என்று ஒப்புக்கொண்ட முதல் ஆள் இவர்தான். அந்த நெகிழ்ச்சியில் மச்சினனையும் மன்னித்து இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்.

இந்த முறை அவன் ஹார்னை விட்டுவிட்டு, நேராக வண்டியின் பேட்டரியிலேயே சார்ஜரைக் கோத்தான். போன் கொழுகொழுவென்று நூறு காட்டியது. கொழுத்ததெல்லாம் பேட்டரியின் சதை. மூன்றாம் நாள் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியபோது, உள்ளே யாரோ ‘ச்சு, ச்சு’ என்று பரிதாபப்பட்டதுபோல் ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். உதைத்துக் கிளப்பலாம் என்றால் கிக்கர் எப்போதோ உடைந்துபோயிருந்தது. தள்ளித்தான் கிளப்ப வேண்டும். எதிர்வீட்டுக்காரர், கைகுலுக்கிய பாவத்துக்கு, தினமும் தள்ளினார்.

அப்படி உயிர் கொடுத்த வண்டியை அணைக்க மனம் வருமா? மருத்துவமனை மருத்துவமனையாக வாசலில் ஓடவிட்டே ஏறி இறங்கினார். வரவேற்பில் இருந்த பெண்கள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டார்கள். ஒருநாள் பெட்ரோல் பாதி வழியில் தீர்ந்து, ஒரு வக்கீலின் முழுப் பல்செட் நான்கு மணி நேரம் தாமதமாகப் போனது. அதற்குள் அவர் வெறும் வாயோடு வாதாடி, ஒரு சொல்லும் யாருக்கும் விளங்காமல், வழக்கில் ஜெயித்திருந்தார். இனி வேண்டாம் என்று பல்செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

“உங்க கோட்டைக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க,” என்றாள் மனைவி. “ஊருக்கே வழி சொல்ற மனுஷனுக்கு வழி காட்டற பெட்டி எதுக்கு? அதுக்குத் தீனி போட்டுப் போட்டு வண்டி எலும்பாயிடுச்சு.”

“இன்னும் ஆறு நாள்தான். நிரந்தரம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?”

“ஏன் தெரியாது? நீங்க என் தம்பிக்குக் குடுத்துட்டு இருக்கற வேலைதான்.”

நிரந்தர ஊழியன் அன்று மாலையே வந்தான், ஒரு காரின் பேட்டரியைத் தோளில் சுமந்துகொண்டு. வண்டியின் பின்னால் பல் பெட்டி இருந்த இடத்தில் அதை வைத்துக் கயிற்றால் கட்டினான். “இது போனுக்கு மட்டும் மாமா. வண்டிக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது,” என்றான். பல் பெட்டி பல்லுக்காரரின் கழுத்துக்கு மாறியது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம், யார் யாருடைய பற்களோ குளிரில் நடுங்குவதுபோல் அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டன.

ஆனால் கோடு அறுபடவில்லை. ஐந்து நாள் அறுபடவில்லை.

கடைசி நாள் மத்தியானம், இன்னும் ஆறு மருத்துவமனை பாக்கி இருக்கும்போது, கார் பேட்டரியின் பாரத்தில் வண்டியின் பின்பக்கம் அமுங்கிச் சக்கரத்தோடு உரசி, இஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. தள்ளிப் பார்த்தார். கிளம்பவில்லை. போனை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம் என்றால், அதற்கும் வழியில்லை. இத்தனை நாள் வெந்ததில் போனின் சொந்த உயிர் போயிருந்தது. ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே கண்ணை மூடிவிடும். அடுத்தவன் ரத்தத்தில் வாழப் பழகிவிட்டது.

ஆகவே பல்லுக்காரர் வண்டியைத் தள்ளினார். கழுத்தில் பல் பெட்டி, பின்னால் கார் பேட்டரி, நடுவில் செத்த வண்டி. போன் மட்டும் பளபளவென்று விழித்திருந்தது. மேட்டுத் தெருவில் அவர் மூச்சு வாங்க நின்றபோது, “வேகத்தைக் குறைக்கவும்” என்றாள் உள்ளே இருந்த பெண்.

பாதித் தெரு அவரைப் பார்த்தது. ஒரு மருத்துவமனையில், வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், மிச்சப் பல்லை எங்கள் ஆள் கொண்டுபோய்க் கொடுப்பான் என்றார்கள். பல்லுக்காரர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். பல்லை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். கோட்டை அவர்தான் போட வேண்டும்.

கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. மேலாளர் திரையில் நீலக் கோட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஊரின் எல்லாத் தெருவிலும், எல்லாச் சந்திலும், வண்டி புகாது என்று மற்றவர்கள் நினைக்கும் இரண்டு வீட்டு இடுக்குகளிலும் கோடு ஓடியிருந்தது. எந்த வாசலில் வண்டியை நிறுத்த வேண்டும், எந்தப் படியடியில் நின்றால் எந்த டாக்டர் என்பது வரை புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது.

“ஒரு சந்துகூட விடலண்ணே,” என்று எழுந்து நின்று கைகொடுத்தார் மேலாளர். கையில் ஒட்டிய கிரீஸைத் தாளில் துடைத்துக்கொண்டே, கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது, வெளியே உட்காருங்கள் என்றார்.

பல்லுக்காரர் போனையும் பெட்டியையும் ஒப்படைத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த தன் பட்டன் போனில் மனைவியைக் கூப்பிட்டு, கடிதம் அடிக்கிறார்கள் என்றார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அக்காவுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று அவள் வைத்துவிட்டாள். முதல் சம்பளத்தில் அந்த நான்கு பல்லைக் கட்டிக்கொண்டுவிட வேண்டும் என்று நாக்கால் இடைவெளியைத் தடவியபடி அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. புதுத் தலைக்கவசம் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓர் இளம்பெண் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“அண்ணே, நான் இந்த ஊருக்கே புதுசு, ஒரு தெருவும் தெரியாது. பயப்படாதே, வழி தெரிஞ்ச ஒருத்தர் ஒரு மாசம் சுத்தி எல்லாத்தையும் போன்ல ஏத்திக் குடுத்துட்டாரு, இனிமே அந்த ஆள் வேண்டாம், நாளையிலேர்ந்து நீ போன் சொல்ற பக்கம் ஓட்டினாப் போதும்னு உள்ள சொன்னாங்க. அவருக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு பாத்தேன், இங்க யாருண்ணே அது?”