தண்ணி ஓடுதோ?

நான் பெரிய பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க, கொழும்பில் காலி வீதி பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி ஓடி வந்தவள். அப்படிப்பட்டவள்தான், ஒன்பது நாள் நிற்காமல் ஓடவேண்டிய கணக்கை வெள்ளவத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் விட்டுவிட்டு, ஏழாம் நாள் ஒரு பயிலரங்குக்காகக் கண்டிக்குப் போனேன்.

கணக்கு தண்ணீரைப் பற்றியது. சாதாரணத் தண்ணீர் இல்லை. ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாகப் பாரம் கூடிய டியூட்டீரியம் இருக்கிற தண்ணீர். நட்சத்திரச் சூட்டில் அதன் ஆவி எந்தெந்த ஒளியை விழுங்கும் என்று கோடு கோடாகக் கணக்கிட வேண்டும். கோடுகளோ கோடிக்கணக்கில். (அம்மாவுக்கு இதை விளக்கப் போய், வீட்டில் என் ஆராய்ச்சிக்கே 'தண்ணி' என்று பெயராகிவிட்டது.) நான் திரும்பி வந்த மறுநாள் பல்கலைக்கழகக் குழு கூடும். முடிவைக் காட்டாவிட்டால் என் பட்டப் பதிவு ரத்து. இடைக்கிடை சேமித்தால் வேகம் குறையும் என்று அதையும் நிறுத்தி வைத்திருந்தேன்; நடுவில் நின்றால் எல்லாம் முதலிலிருந்துதான். கெட்டித்தனம்!

கண்டியில் சோறு இறங்கவில்லை. மணிக்கொருதரம் போன் எடுத்தேன்.

"அம்மா, தண்ணி ஓடுதோ?"

"ஓம் பிள்ளை, ஓடுது."

"நிண்டு நிண்டு ஓடேல்லையே?"

"காலமை கொஞ்சம் மெல்லமாத்தான் ஓடினது. இப்ப நல்ல வேகம்."

காலையில் பெரிய கணக்கு வந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 

வீட்டுக்கு வந்து பார்த்தால் திரை கறுப்பு. கம்ப்யூட்டர்ப் பெட்டி பச்சைத்தண்ணீராய்க் குளிர்ந்து கிடந்தது.

"அம்மா! ஓடுது எண்டு சொன்னீங்களே!"

"ஓடினதுதானே? நீ கேக்கேக்க எல்லாம் பைப்பைத் திறந்து பாத்துத்தான் சொன்னனான்."

எங்கள் தொடர்மாடியில் தண்ணீர் நினைத்த நேரத்தில் நிற்கும். அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது.

"அப்ப இந்தப் பெட்டி?"

"நீ போன அண்டைக்குத் தொட்டுப் பாத்தன், நெருப்பாக் கொதிச்சுது. பாவம் எண்டு நிப்பாட்டிப் போட்டன்."

கணக்கில் மூவாயிரம் பாகைச் சூட்டுக்குக் கொண்டுபோன தண்ணீரை அம்மா ஒரு விரலால் ஆற்றிவிட்டார். நான் தரையில் இருந்து அழுதேன்.

மறுநாள் குழுவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மூன்று மாதம் தவணை கிடைத்தது. பட்டமும் ஒருவழியாக வந்தது.

இன்றைக்கும் நான் எந்த ஊரிலிருந்து போன் எடுத்தாலும் அம்மா ஹலோ சொல்வதில்லை.

"தண்ணி ஓடுது. பெட்டியைத் தொடேல்லை. நீ சாப்பிட்டனியோ?"