கம்ப்ரசர் ஊதிய வீடு

சொந்த ஊருக்கு உதவி செய்யப் போகிறவன் வெறுங்கையோடு போவது நல்லது. நான் கம்ப்ரசர் லாரியோடு போனேன்.

எனக்குப் பிழைப்பு திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டியில். போர் போடும்போது குழிக்குள் கிடக்கும் கல்லையும் சேற்றையும் காற்றடித்து மேலே தள்ளுகிற கம்ப்ரசர் என் பொறுப்பு. வருஷத்தில் பாதி நாள் வடநாட்டில்தான் இருப்பேன். நாங்கள் மலையாளிகள். (கேரளா இல்லைங்க. கொல்லிமலை, போதமலைப் பக்கத்துப் பழங்குடி. இதை ஊர் ஊராக விளக்கியே எனக்கு வாய் வலித்துவிட்டது.) அப்பா காலத்தில் மலையிலிருந்து இறங்கி ராசிபுரம் பக்கம் அடிவாரத்தில் குடியேறினோம். அங்கே சிலருக்குக் காங்கிரீட் வீடு கிடைத்தது. பங்குனி மத்தியானத்தில் அதற்குள் மாவை ஊற்றி வைத்தால் இட்லி தானாக வெந்துவிடும்.

மறுபடியும் எங்கள் தெருவுக்கு அரசாங்க வீடு வந்தபோது, என் அக்கா ராசம்மா கிராம சபையில் எழுந்து நின்றாள்.

"எங்களுக்குக் காங்கிரீட் பொட்டி வேண்டாங்க. மலை மேல எங்க சனம் கட்டற மாதிரி ஊடுதான் வேணும். நாங்களே கட்டிக்கறோம்."

மூங்கில் தட்டி பின்னி, இருபுறமும் மண் அப்பி, தரையைத் தூக்கிக் கட்டி, மேலே புல் வேய்ந்த வீடு. கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். வந்திருந்த இன்ஜினியர் மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"முதல்ல ஒண்ணு கட்டிக் காட்டுங்க. நிக்கும்னு எனக்குத் தோணுச்சுன்னா மத்ததையும் அப்படியே கட்டச் சொல்றேன். இல்லேன்னா காங்கிரீட்தான்" என்றார்.

அந்த ஒன்று, அக்காவின் வீடு. எங்களில் யாரும் வீட்டைத் தனியாகக் கட்டுவதில்லை. வீட்டுக்கு ஒருத்தர், ஆளுக்கு ஒரு கட்டுப் புல்லோடு வந்தாக வேண்டும். வராதவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டோம். (இந்தப் பயம் இருக்கிறவரை எங்களுக்கு கான்ட்ராக்டர் தேவையில்லை.) நான் லீவில் வந்து சேர்ந்தபோது கூரை ஏறியிருந்தது, சுவருக்குக் கடைசி மண் பூச்சும் முடிந்திருந்தது. அன்றைக்கென்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் மேடம் வருகிற நாள். விடிந்ததும் அக்கா சுவரில் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் உள்ளே போனது.

"மேடம் கை வெச்சா செவுரு கையோட வந்துருமேடா."

"நான் இருக்கறேன்ல, நீ ஏன் பயப்படறே?"

"நீ இருக்கறதுதான்டா பயமா இருக்குது."

மேடத்துக்கு டீ போட அவள் பால் வாங்கப் போனாள். நான் லாரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். பாறைத்தூளையே பறக்கவிடுகிறவனுக்கு ஈரச்சுவர் எம்மாத்திரம்? லேசாகக் காற்றுவிட்டால் சுவர் காய்ந்துவிடும் என்பது என் கணக்கு. லேசாக என்றால் என்னவென்று கம்ப்ரசருக்குத் தெரியாது.

வால்வைத் திறந்ததும் முன்சுவர் மண் மொத்தமும் தோசை மாதிரி உரிந்து தெருவுக்குப் போனது. பதறிப்போய்க் குழாயைத் திருப்பினேன். நான் குழாயைப் பிடித்திருந்தேனா, குழாய் என்னைப் பிடித்திருந்ததா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. காற்று கூரைக்கு அடியில் புகுந்தது. ஊரே சுமந்து வந்த புல் கட்டுக் கட்டாக எழும்பிப் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காட்டில் போய் விழுந்தது. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், லாரியில் ஏறி இன்ஜினை நிறுத்தினார்.

புழுதி அடங்கியதும் தெருவில் ஒரு ஜீப் தெரிந்தது. அதன் கண்ணாடியில் வைப்பர் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. இறங்கிய மேடத்தின் மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் முழுக்க அக்கா வீட்டுச் சுவர். அவருக்குப் பின்னால், பால் தூக்குப் போசியோடு அக்கா.

எனக்கு அப்படியே போர்க்குழியில் இறங்கிவிடலாம் போலிருந்தது. தெருவில் எல்லாருடைய வீடும் என் கையால் போயிற்று என்று நினைக்கையில் அழுகையே வந்துவிட்டது.

அக்கா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஊட்டுக்கு ஒருத்தர் வாங்க!"

வீட்டுக்கு இரண்டு மூன்று பேராக வந்தார்கள். காட்டுக்குள் இறங்கிப் புல்லைப் பொறுக்கினார்கள். "இது எங்க கட்டு, முடிச்சப் பாரு" என்று அந்த நேரத்திலும் ஒரு சண்டை நடந்தது. பெண்கள் மண்ணைக் குழைத்தார்கள். ஆண்கள் கூரையில் ஏறினார்கள். (என்னை யாரும் ஏணிப் பக்கமே விடவில்லை.)

"இதைச் சரி பண்ண எத்தனை நாளாகும்?" என்று மேடம் கேட்டார்.

"சாயங்காலம் வரைக்கும் இருங்க மேடம். இன்னொரு டீ குடிச்சுட்டுப் போலாம்" என்றாள் அக்கா.

மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூங்கில் சட்டத்தை நெருங்கினார். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். ஒரு கட்டுகூட அவிழவில்லை. தட்டியும் இருந்த இடத்தில் இருந்தது.

"இது எதுக்குங்க பயன்படுத்துற மெஷின்?" என்று என்னைக் கேட்டார்.

"போர்க்குழியில இருந்து பாறைத்தூளை மேல தள்ளறதுங்க."

"அந்தக் காத்துக்கே சட்டம் அசையலையே!"

பொழுது சாய்வதற்குள் கூரை திரும்ப ஏறிவிட்டது. சுவர் ஈரமாகத்தான் இருந்தது. மேடம் அதில் கைவைக்கவில்லை. "காயட்டும், அவசரமில்ல. மத்த ஊட்டையும் இப்படியே கட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். "அந்தத் தம்பி மட்டும் பக்கத்துல வராமப் பாத்துக்கங்க."

இப்போது எங்கள் தெருவில் அத்தனையும் அந்த வீடுகள்தான். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஒரு தண்டனை நிரந்தரமாகிவிட்டது. எந்த வீடு முடிந்தாலும் நான் வாசலில் நின்று சுவரைப் பார்த்து வாயால் ஊதவேண்டும், அதன் பிறகுதான் பால் காய்ச்சுவார்கள். சத்தீஸ்கரில் வேலையில் இருந்தபோது வீடியோ காலில் ஊதியிருக்கிறேன். அப்போதும் பின்னாலிருந்து யாரோ, "மெதுவா ஊதச் சொல்லுங்க, கூரை பத்திரம்!" என்று கத்தினார்கள்.

போன மாதம் என் சொந்த வீடு முடிந்தது. ஊரே கூடி நிற்க, வாசலில் நின்று கன்னத்தை உப்பவைத்தேன். இத்தனை பேர் கையும் பட்ட சுவரைப் பார்த்ததும் ஊத மூச்சே வரவில்லை.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்னடா சாமி, கம்ப்ரசர் ரிப்பேரா?"