கடத்தப்படாத வாக்காளர்

விடிந்தால் தேர்தல். இன்னும் தன்னை யாரும் கடத்தவில்லையே என்று சேணம் தைக்கும் ஃபிண்டன் ஹேகர்ட்டி பொருமிக்கொண்டிருந்தார்.

கில்பாரன் தொகுதியில் ஓட்டுள்ளவர்கள் மொத்தமே நாற்பத்திரண்டு பேர். ஊர் பார்க்க, வாய்விட்டுப் பெயரைச் சொல்லித்தான் ஓட்டுப் போட வேண்டும். நாற்பது வருஷமாகப் பிரபு கை காட்டியவரே ஜெயித்தார். இம்முறை ஊரே எதிர்த்து நிற்கும் கெல்லஹர் பக்கம். ஃபிண்டனும்தான். ஆனால் கடைக் கட்டடம் பிரபுவுடையது. கெல்லஹர் என்றால் கடை போகும்; பிரபுவின் ஆள் என்றால் ஊர் ஜன்னலை உடைக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பிரபுவுக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று தோன்றுகிறவர்களைக் கெல்லஹர் ஆட்கள் கடத்திக்கொண்டிருந்தார்கள்; அப்படித் தன்னையும் தூக்கிப்போய் அடைத்துவைத்தால் மட்டுமே தப்பிக்கலாம்.

கடத்தல் பொறுப்பு கசாப்புக்காரர் பார்ட்லிக்கு. அவர் கண்ணில் படும்படி பாலத்தில் மூன்று முறை நடந்தார் ஃபிண்டன். பார்ட்லி தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார்.

"உங்க மனசு எங்களுக்குத் தெரியாதா அண்ணே!"

"பிரபு பக்கம்னு கத்துங்க. தன்னால தூக்குவாங்க," என்றாள் மனைவி ஓனோரா.

மதுக்கடையில் கத்தினார். பிரபுவின் காரியஸ்தர் க்ராஸ்பி ஓடிவந்து கட்டிக்கொண்டார். "நாளைக்கு முதல் ஓட்டு உங்களுதுதான்! எட்டு மணிக்கு நானே வண்டியோட வர்றேன்."

வீடு திரும்புவதற்குள் ஜன்னலில் கல்.

"நல்ல யோசனை சொன்னே போ!"

"இன்னும் சத்தமாக் கத்தியிருக்கணும்."

ஃபிண்டன் பார்ட்லியிடமே ஓடினார். "கடத்துய்யா என்னை!"

"பரண் நிறைஞ்சு போச்சுண்ணே. பதினாறு பேரு."

"நின்னுக்கிட்டே இருக்கேன். வேணும்னா சட்டையைக் கிழிச்சுக்கோ, முரண்டு பிடிச்ச மாதிரி இருக்கும்."

பார்ட்லி மனமிரங்கினார். பரணில் எல்லோரும் தலையில் கோணியோடு இருந்தார்கள். யார் யாரென்று தெரியக்கூடாதாம். கோணிக்கு அடி வழியாக விஸ்கி வந்தது.

மறுநாள் முழுக்க ஃபிண்டன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டால் க்ராஸ்பி தேடி வந்துவிட்டார் என்று மூலையில் ஒடுங்கினார். யாரும் வரவில்லை.

சாயங்காலம் மணிகள் முழங்கின. பார்ட்லி ஏணியில் ஏறிவந்து கத்தினார்: "கெல்லஹர் ஜெயிச்சுட்டாரு! ஒரே ஒரு ஓட்டுல!"

பதினேழு கோணிகளும் குதித்தன. ஃபிண்டனுக்கு அழுகையே வந்துவிட்டது. "பிரபு ஒழிஞ்சாரு!" என்று கூவிப் பக்கத்துக் கோணியை இறுகக் கட்டிக்கொண்டார். இரண்டு கோணிகளும் நழுவி விழுந்தன.

"மெதுவாக் கத்துங்க ஹேகர்ட்டி," என்றார் காரியஸ்தர் க்ராஸ்பி. "நான் குடியிருக்கிறதும் பிரபு வீடுதான்."