மாமா வருமான வரியாக நடித்த கதை

"எல்லாரும் ஒழுங்காக வரி கட்டுங்கள்" என்று ஊருக்குச் சொல்கிறவனுக்கு எங்கள் பக்கம் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நல்லவேளையாக, நான் கலியாணம் முடித்த பிறகுதான் அப்படிச் சொல்லத் தொடங்கினேன். (முடித்தது ஒரு ஹாட்வெயார் கடைக்காரரின் ஒரே மகளை. அதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.)

இலங்கையில், கண்டி மலைநாட்டில் தெல்தோட்டைப் பக்கம் ஒரு சின்ன டவுன். பெயரைச் சொன்னால் மாமா, அதாவது அந்த ஹாட்வெயார் கடைக்காரர், கோபித்துக்கொள்வார். அங்கே பாடசாலையில் வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்த கையோடு எங்கள் ஊருக்கு வேறொரு சங்கடம் வந்தது. செலவு தாங்காமல் அரசாங்க ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. என் மனைவி கலைச்செல்வி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. வார்டை மூடிவிட்டால், வலி எடுத்த பிறகு அந்த வளைவு ரோட்டில் கண்டிக்குத்தான் ஓட வேண்டும்.

ஊரில் கூட்டம் போட்டார்கள். "வார்டை மூடாதே!" என்று எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்திவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வாத்தியார் புத்தி விடுமா? எழுந்து நின்று, "சரி, மூட வேண்டாம். ஆனால் காசு எங்கிருந்து வரும்? கட்ட வேண்டியவர்கள் வரி கட்டினால்தானே அரசாங்கம் ஆஸ்பத்திரி நடத்தும்?" என்று கேட்டேன். கூட்டத்தில் பாதிப்பேர் கடை முதலாளிகள்.

முன் வரிசையிலிருந்து மாமா எழுந்தார்.

"நான் கட்டுற காசுல எவனோ ஒருத்தன் ஜீப்புல போவான், மாப்ள. அதுக்கு நான் ஏன் நாள் பூரா நின்னு ஆணி விக்கணும்?"

அப்படியொரு கைதட்டல். (கலைச்செல்வியும் தட்டினாள். ஏனென்று கேட்டதற்கு, "அப்பா பேசுனா கை தானா தட்டுதுங்க" என்றாள்.)

மாமா சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேச்சு எடுபடவில்லையா, நாடகம் போடுவோம் என்று இறங்கினேன். கதை இதுதான். ஒரு நோயாளி ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறான். நான்கு மூலையிலும் நான்கு வரிகள் நின்று அவனைத் தாங்குகின்றன. வரிகள் ஒவ்வொன்றாகத் தளர, ஸ்ட்ரெச்சர் சரிய, மக்கள் ஓடி வந்து தாங்கிப் பிடிப்பார்கள். எழுத்து, இயக்கம், நோயாளி மூன்றும் நானே. (படுத்துக்கொண்டே நடிக்கும் பாத்திரத்தை எவனாவது அடுத்தவனுக்குக் கொடுப்பானா?)

மாமாவின் கடையிலிருந்து இரண்டு இரும்புக் குழாயும் ஒரு தார்ப்பாயும் இரவல் வாங்கி ஸ்ட்ரெச்சர் கட்டினேன். சாமான் வாங்கும்போதெல்லாம் கட்டுகிற வற் வரியாக நடிக்க, அலவத்துகொடையிலிருந்து எங்கள் பாடசாலைக்குப் படிப்பிக்க வரும் நஸீர் சேர் ஒப்புக்கொண்டார். சுங்க வரியாக சலூன்காரர் ரவி. மதுவரியாக த்ரீவீல் ஓட்டும் செல்வம். தன் பாத்திரத்துக்குரிய வரியை நாள் தவறாமல் கட்டி வந்தவன் இந்தக் குழுவிலேயே செல்வம் ஒருவன்தான்.

சந்தை நாளன்று சந்தியில் நாடகம். வருமான வரியாக நடிக்கவிருந்தவனுக்குக் காலையில் காய்ச்சல். நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, குழாய்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்க மாமா வந்து சேர்ந்தார்.

"அப்பா, நீங்க ஒரு மூலைய புடிங்கப்பா" என்றாள் கலைச்செல்வி.

மகள் கேட்டால் மாமா மலையையே தூக்குவார். முணுமுணுத்துக்கொண்டே 'வருமான வரி' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சந்தையே சிரித்தது. "மொதலாளி, இந்த ஊர்ல வருமான வரிய இன்னைக்குத்தான் கண்ணால பாக்கிறோம்!" என்று மரக்கறிக்காரர் ஒருவர் சத்தம் போட்டார்.

நான் படுத்தவாறே மாமாவிடம், "உங்க வசனம் முடிஞ்சதும் மெதுவா முழங்கால் போடுங்க மாமா. கைய மட்டும் விட்டுறாதீங்க" என்றேன்.

"மூட்டை தூக்குன கை மாப்ள இது. நீங்க பேசாம படுங்க."

தூக்கினார்கள். வானத்தைப் பார்த்துக் கிடந்தேன். நஸீர் சேர் உருக்கமாகப் பேசினார். ரவி பேசினார். அடுத்து மாமாவின் முறை. அந்த நேரம் பார்த்து அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. ஒற்றைக் கையால் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்.

"ஆ... சீமெந்தா? முழு லோடுமா? இந்தா வந்துட்டேன், வேற கடைக்குப் போயிறாதீங்க!"

அந்த ஒற்றைக் கையையும் விட்டுவிட்டு ஓடினார்.

நான் அந்த மூலை வழியாக உருண்டு தார் ரோட்டில் விழுந்தேன். மணிக்கட்டில் 'மளுக்' என்று ஒரு சத்தம். "ஐயோ, அம்மா!" என்று அலறினேன். கூட்டம் கைதட்டியது. "வாத்தியார் என்னமா நடிக்கிறாரு!" என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள். மக்கள் ஓடி வந்து தாங்குவார்கள் என்று நாடகத்தில் எழுதியிருந்தேனே தவிர, அதை மக்களிடம் சொல்ல மறந்துபோயிருந்தேன். மதுவரி மட்டும் கடைசி வரை தன் மூலையை விடவில்லை. வெறும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு செல்வம் கண்ணீர் மல்க வசனம் பேசிக்கொண்டிருந்தான். கலைச்செல்வி போட்ட சத்தத்தில்தான் இது நாடகமில்லை என்று ஊருக்கு விளங்கியது.

செல்வத்தின் த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் ஒரு சிங்களப் பெண். நிதானமான தமிழில், "எப்பிடி விழுந்தது?" என்று கேட்டார்.

"வருமான வரி கைய உட்டுட்டு ஓடிட்டு, டொக்டர்" என்றார் நஸீர் சேர்.

"யாரு அது, வருமான வரி?"

எல்லாரும் வாசலைப் பார்த்தோம். மூச்சு வாங்க, சட்டையெல்லாம் சீமெந்துத் தூளோடு மாமா நின்றார். அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி மெதுவாகக் கையை உயர்த்தினார். டொக்டர் சிரித்த சிரிப்பில் என் பிளாஸ்டர் கோணலாகிவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கட்டுப் போட்டு முடிந்ததும் மாமா சட்டைப் பைக்குள் கையை விட்டார். "எவ்வளவுங்க டொக்டர்?"

"ஒண்ணும் வேணாம். இது கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதானே."

மாமாவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. நான் விடுவேனா? "பாத்தீங்களா மாமா, இதத்தான் நான்..." என்று தொடங்கினேன்.

"அந்த வாய்க்கும் ஒரு பிளாஸ்டர் போடச் சொல்லவா?" என்றாள் கலைச்செல்வி. அடங்கினேன்.

மாமா எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. எதிரே பிரசவ வார்டின் வாசலில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் மெல்ல நடந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தார். பிறகு தன் மகளைப் பார்த்தார். அந்த முகத்தைக் கண்டபோது எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. கை வலி போகவில்லை.

வெளியே வந்ததும் சொன்னார்: "ஜீப்புல போறவன் போகத்தான் செய்வான், மாப்ள. ஆனா கட்டுனாத்தானே அவன சட்டையப் புடிச்சு கேக்கலாம்."

சொன்னபடி செய்தார். வரிக்குப் பதிந்துகொண்டார், கட்டினார், கேட்கவும் தொடங்கினார். இப்போது ரோட்டில் ஒரு குழி விழுந்தாலும் போதும், "நான் வரி கட்டுறவன்!" என்று அவர் போடும் சத்தம் சந்தி வரை கேட்கும். அரசாங்கக் கந்தோர்களில் அவரைக் கண்டால் அதிகாரிகள் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறார்கள்.

வார்டை மூடவில்லை. மாமா கட்டிய வரியால்தான் அது தப்பியது என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். எப்படியோ, என் மகள் அங்கேதான் பிறந்தாள். நர்ஸ் அவளை மாமாவின் கையில் கொடுத்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. "அடிக்கட்டும்" என்றார் மாமா, பேத்தியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அலுமாரியை நகர்த்துவதென்றால், "வருமான வரி எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவோம். பேத்தியைத் தூக்குவதற்கு முன் மாமா போனை என்னிடம் நீட்டுவார். மழை வந்தால் வலிக்கும் அந்தக் கையால் வாங்கி, சீமெந்து கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வேன்:

"மொதலாளி கைல ஆள் இருக்குங்க. விட முடியாது, கொஞ்சம் பொறுங்க."