அசையாதவனுக்கு ஒரு மொட்டை

மொட்டை போட்டுக்கொள்ள நியாயமான காரணங்கள் எவ்வளவோ உண்டு. குழந்தை பிறக்கும், வேலை கிடைக்கும், பேன் தொல்லை தாங்காது. நான் போட்டுக்கொண்ட காரணம் திருவண்ணாமலையில் வேறு எவருக்கும் தோன்றியிருக்காது. ஓர் இங்கிலீஷ் படத்தில் வருகிறவன் சாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு போட்டேன். அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. (எட்டு என்று படித்தவர்கள் இன்னொரு முறை படிக்கவும்.) தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேறு.

அவன் பெயர் தமிழ் டப்பிங்கில் ‘அசையாதவன்’. அவனுக்கு இருந்தது ஒரே சக்திதான். ஓர் இடத்தில் காலை ஊன்றிவிட்டால் யாராலும் அவனை நகர்த்த முடியாது. பறக்க மாட்டான், கண்ணிலிருந்து நெருப்பு விட மாட்டான். நிற்பான், அவ்வளவுதான்.

“நிக்கறதெல்லாம் ஒரு பவராடா? முப்பது வருஷம் பஸ்ல நானுந்தான் நின்னேன்” என்பார் ஓய்வு பெற்ற கண்டக்டரான என் அப்பா. சொல்லட்டும். ஏழாம் வகுப்பில், எந்த கபடி டீமிலும் சேர்த்துக்கொள்ளப்படாமல் மைதானத்து ஓரமாக நின்றுகொண்டிருந்த எனக்கு, நிற்பதும் ஒரு வீரம்தான் என்று காட்டியவன் அவன். பதினாறு வருடம், ஒரு படம் விடாமல் பார்த்தேன்.

அந்த வருடம் இரண்டு பட கம்பெனிகள் பகையை மறந்து, தங்களிடமிருந்த பதினேழு நாயகர்களையும் ஒரே படத்தில் இறக்கின. ட்ரெய்லரில் ஒரு மலை சரிகிறது, அடியில் ஒரு கை மட்டும் தெரிகிறது. அவன் கைதான். இந்தப் படத்தோடு அவன் கதை முடிந்தது என்று இணையம் முழுக்கப் பேச்சு. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டு, “அண்ணாமலையாரே, அவனை மட்டும் காப்பாத்திடு. மொட்டை போட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். (எடுத்து முடித்த படத்தில் சாமி என்ன செய்ய முடியும் என்று கேட்காதீர்கள். கணக்கு வாத்தியாருக்கு அது தோன்றவில்லை.)

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. பள்ளிக்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் போனேன். என் கருத்தை இன்றைக்கும் மறைக்காமல் சொல்வேன், படம் ரொம்பச் சுமார். மழைக்கால விளக்கைச் சுற்றும் ஈசல் மாதிரி மற்ற பதினாறு பேரும் குறுக்கும் நெடுக்கும் பறந்தார்கள், எவன் எவனை அடிக்கிறான் என்று ஒன்றும் விளங்கவில்லை. வில்லன் அடிப்பதைவிடப் பேசியதுதான் ஜாஸ்தி. இரண்டே முக்கால் மணி நேரத்தில் என் ஆளுக்குக் கிடைத்தது நான்கே நிமிடம்.

ஆனால் ஐயா, அந்த நான்கு நிமிடம்! பறக்கிறவர்கள் அத்தனை பேரும் பயந்து பின்வாங்க, மலை சரிந்து ஊர் மேல் வருகிறது. இவன் மெதுவாக நடந்து வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலை ஊன்றி நின்றான். மலை நின்றுவிட்டது. புழுதி அடங்கியதும் ஒரு கை வெளியே வந்தது, பிறகு தலை வந்தது. உயிரோடிருந்தான்! நான் சீட் மேல் ஏறி நின்று கத்தினேன். பக்கத்து சீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்து முத்தம் கூடக் கொடுத்ததாக ஞாபகம். தியேட்டரை விட்டு வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை, நேரே முடியிறக்கும் இடத்துக்குப் போனேன்.

“மீசை?” என்றார் முடியிறக்குபவர்.

“எல்லாத்தையும் எடுத்துடுங்கண்ணா!”

கதவைத் திறந்த அம்மா என்னைப் பார்த்து, “அடப்பாவி! நாளன்னைக்கு பொண்ணு வீட்டுக்காரங்க வராங்களேடா!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நிஜமாகவே மறந்துபோயிருந்தேன். பெண் பெயர் கயல்விழி, ஊர் கீழ்பென்னாத்தூர். ஒரு கல்யாணத்தில் அவளோடு பத்து நிமிடம் பேசியிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது, இந்த இடம் தவறினால் வேறு கல்யாணமே வேண்டாம் என்று இருந்தேன். பேச்செல்லாம் பெரியம்மா மூலமாகத்தான் நடந்தது. அப்பாக்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பெற்றோர் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடித்திருந்தால் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீர்கூடத் தொடாமல் கிளம்பிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கடைசியாக எச்சரித்தார்: “கேட்டா சாமி வேண்டுதல்னு நான் சொல்லிக்கறேன். நீ அந்தப் படத்தைப் பத்தி வாயத் தொறந்த, அவ்ளோதான். தலையக் குனிஞ்சிகினு அடக்கமா உக்காரு.”

அன்றைக்கு பௌர்ணமி. இனிப்பு வாங்கப் போன அப்பாவின் மொபெட் கிரிவலக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அவர்கள் வந்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் மொட்டைத் தலைக்கு என்ன பஞ்சம்? ஆனால் வேண்டுதல் மொட்டை என்றால் சந்தனம் இருக்கும், பெரும்பாலும் மீசை இருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்கும். மூன்றும் இல்லாமல், குனிந்த தலை நிமிராமல், “வாங்க” என்று முனகிக்கொண்டு கதவைத் திறந்தேன். பெற்றவரைப் பறிகொடுத்த மகனின் கோலம், அப்படியே! கயல்விழியின் அப்பா வாசலிலேயே ஒரு விநாடி நின்றார். உள்ளே வந்து, நாற்காலியைத் தவிர்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. (அடக்கம்!)

அப்போது அம்மா பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவும் நெற்றி நிறையக் குங்குமமுமாக, காபித் தட்டோடு வெளியே வந்தார். புருஷனைப் பறிகொடுத்தவளுக்குக் காரியம் முடியும்வரை பூவும் பொட்டுமாக அலங்கரித்து உட்கார வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கயல்விழியின் அம்மாவுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. எழுந்து ஓடி வந்து என் அம்மாவைக் கட்டிக்கொண்டு, “எப்படி இருக்க வேண்டிய குடும்பம்!” என்று விம்மினார். பெண்ணைப் பிரியப் போகிற ஏக்கம் என்று நினைத்த என் அம்மாவும், “கவலப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்” என்று சேர்ந்து அழுதார். நான் தலை நிமிரவே இல்லை.

பத்து நிமிடத்தில் இருவரும் எழுந்தார்கள். காபியைத் தொடவில்லை. போய்வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. (சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தானே கிளம்புவார்கள்.) போச்சு, மொட்டையைப் பார்த்துப் பிடிக்காமல் போகிறார்கள், கயல்விழி போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அவர்கள் கேட் அருகே செருப்பு மாட்டும்போது, மைசூர்பாகு டப்பாவோடு மொபெட்டில் வந்து இறங்கினார் அப்பா. “கீழ்பென்னாத்தூர்காரங்கதானே? என்னாங்க, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க? நான்தான் பையனோட அப்பா!”

கயல்விழியின் அம்மா “ஐயோ!” என்று அலறிப் புருஷன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அவரோ அப்பாவின் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தார்.

உள்ளே திரும்பி வந்து எல்லாம் தெளிவாக ஐந்து நிமிடம் ஆனது. “சாமி வேண்டுதல்ங்க” என்று அம்மா ஆரம்பித்தார். “என்னா வேண்டுதல் தம்பி?” என்று கயல்விழியின் அப்பா நேராக என்னையே கேட்டார். பொய் சொல்லத்தான் நினைத்தேன், வாய் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்த இடத்திலிருந்து தொடங்கி, நான்கு நிமிடக் காட்சியைப் பன்னிரண்டு நிமிடம் சொன்னேன். மலையைத் தாங்கும் இடத்தில் எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கயல்விழியின் அப்பா என் அப்பாவைப் பார்த்தார். “தப்பா நெனைக்காதீங்க. நீங்க நெஜமாவே போயிருந்தாக்கூட ஒரு வருஷம் பொறுத்துக் குடுத்திருப்பேன். சினிமால வர்றவனுக்கு மொட்ட போட்டவருக்கு எப்படிங்க பொண்ணக் குடுக்கறது?”

அவர் எழுந்து துண்டை உதறினார். வாசல்வரை போனவர் திரும்பி, “அந்தாளு பொழச்சிட்டானா?” என்றார்.

“பொழச்சிட்டாருங்க.”

“நீங்க எப்ப மொட்ட போட்டீங்க?”

“படம் முடிஞ்ச ஒடனேங்க. வீட்டுக்குக்கூட வரல.”

மோவாயைத் தடவிக்கொண்டார். “எங்கம்மா உடம்பு தேறினா மொட்ட போடறதா நான் வேண்டிகினு, தேறினப்புறம் இந்தா அந்தான்னு பதினோரு வருஷம் தள்ளினேன். யாருக்கோ சொன்னதுக்கே ஒரு மணி நேரம் பொறுக்காதவரு, எம்பொண்ணுக்குச் சொல்றத தள்ள மாட்டாரு.” உள்ளே வந்து, இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார். “காபி ஆறிப்போச்சி. வேற கொண்டாங்கம்மா.”

குடித்தார். மைசூர்பாகும் இரண்டு எடுத்துக்கொண்டார். அம்மா மறுபடி அழுதார், இந்த முறை காரணம் தெரிந்து.

கல்யாண போட்டோவில் நான் அரை அங்குல முடியோடு இருக்கிறேன், கயல்விழி எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மாமனார் என்னைச் சொந்தக்காரர்களுக்கு இன்றும், “வெள்ளக்காரனுக்கு மொட்ட போட்டாரே, அந்த மாப்ள” என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். அந்தப் படத்துக்கு இப்போது அடுத்த பாகம் வருகிறதாம். செய்தி வந்த அன்று காலையிலேயே அப்பா பல்கூடத் தேய்க்காமல் மாமனாருக்கு வீடியோ கால் போட்டார்.

“சம்பந்தி, நல்லா பாத்துக்கோங்க. நான் உயிரோடதான் இருக்கேன்.”